பட்டப்பகலில் அருந்ததி

ஜன்னலோடு சேர்த்துத் தன் தலைக்கும் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டாள். உள்விளக்குகளின் வெளிச்சம் கண்ணாடியில் விழக்கூடாது.

காதில் நாதஸ்வரம் கேட்டது.

கீழே திருச்சியில் அவள் மகள் மிருதுளாவுக்குக் கல்யாணம். மேலே விண்வெளி நிலையத்தில் பெண்ணைப் பெற்றவள் மிதந்துகொண்டிருந்தாள்.

போன மாதமே தரையிறங்கியிருக்க வேண்டியவள். திரும்பும் கலத்தில் கோளாறு, வேறு கலம் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். தேதியைத் தள்ளிவைக்கலாம் என்று மகள் அழுதாள். மண்டபம், பத்திரிகை, சமையல் எல்லாம் முடிவாகிவிட்டது, வேண்டாம் என்று இவள்தான் சொன்னாள். அதிலிருந்து மிருதுளா அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நியாயம்தான்.

அம்மா எங்கே என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் மகள் மேலே கையைக் காட்டுகிறாளாம். பாதிப் பேர் 'அடப் பாவமே' என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறார்களாம். கணவர் சொல்லிச் சிரித்தார், இவளும் சிரித்தாள். தாரை வார்க்கும் நேரத்தில், தங்கள் இடத்தில் அக்காவும் அத்தானும் உட்கார, கணவர் ஓரமாக நிற்பதைத் திரையில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

கெட்டிமேளம் கொட்டி, அம்மி மிதித்தாயிற்று.

செல்பேசியை வைத்திருந்த தம்பி, "அக்கா, வெளிய கூட்டிட்டு வர்றாங்க. வெயில் சுள்ளுனு அடிக்குது" என்றான்.

இனி எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீலத்தைத் தவிர அங்கே ஒன்றும் இருக்காது. ஐயர் காட்டும் திசையில் மாப்பிள்ளையும் கையைக் காட்டுவார். தெரியுது என்று பெண் தலையாட்ட வேண்டும். ஊரறிந்த செல்லப் பொய். இவளும் ஒரு காலத்தில் ஆட்டியவள்தான்.

இங்கே அந்த நீலம் அவள் முதுகுக்குப் பின்னால், பூமியின் விளிம்பில், வெங்காயத் தோல் கனத்தில் கிடந்தது. வானம் வானம் என்று நாம் சொல்வதெல்லாம் அவ்வளவுதான். அதைத் தாண்டிவிட்டால் சூரியன் காயும்போதும் கன்னங்கரிய இருட்டு.

கண் இருட்டுக்குப் பழகியது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இங்கே அவை கண்சிமிட்டுவதில்லை.

சப்தரிஷி மண்டலம்.

அதன் வாலில் வசிட்டர்.

ஒட்டினாற்போல், மங்கலாக, அருந்ததி.

கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரிலும் உண்மையாகவே பார்த்தவள் அவள் ஒருத்திதான். இதற்காகத்தான் எந்த ஜன்னல், எந்த நேரம் என்று ஒரு வாரமாகப் பார்த்துவைத்திருந்தாள். சீர் என்று மகளுக்கு இங்கிருந்து வேறு எதைக் கொடுக்க முடியும்?

"தெரியுதாம்மா?" என்று ஐயர் பெண்ணைக் கேட்பது காதில் விழுந்தது.

கூட்டத்தில் லேசாகச் சலசலப்பு. யாரோ செல்பேசியை வாங்குகிற சத்தம்.

"அம்மா... நீதான் அதுக்குப் பக்கத்துல இருக்கே. நீ சொல்லு. தெரியுதா?"

அந்த 'அம்மா'வைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. எடையில்லாத இடத்தில் அது கன்னத்தில் வழிவதில்லை. கண்ணிலேயே கட்டித் திரண்டு நின்றுவிடும். வசிட்டர் கலங்கினார். அருந்ததி கரைந்தே போனாள். வெறும் வெள்ளை மங்கல்.

துடைத்துவிட்டுப் பார்க்க நேரமில்லை. மண்டப வாசலில் எல்லாரும் வெயிலில் நிற்கிறார்கள்.

"தெரியுதுடா கண்ணு" என்றாள்.

கீழே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எனக்கும் தெரியுதும்மா."