பென்ஷன் ஆபீசில் ஒரு கட்டளை

1949. அல்சூர் பென்ஷன் ஆபீசின் ஜன்னல் வெயிலில் ஆபீசரின் பித்தளைப் பொத்தான்கள் மின்னுகின்றன. கட்டைக்காலோடு கூனி நிற்கும் கன்னியப்பனின் பின்னால் அவன் பெண்டாட்டி தனக்கோடி முந்தானையைத் திருகுகிறாள். மலேயாவில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட்ட ஐ.என்.ஏ.வில் சேர்ந்த சிப்பாய்க்குப் பென்ஷன் கிடையாது. “அதுல சேந்தியா?” என்கிறார் ஆபீசர். “இல்ல சார், ஜப்பான்காரன் கேம்புலயேதான் கெடந்தேன்.” அவள் சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் சொல்லிவிட்டான் மனுஷன். அவளுக்கு மூச்சு வருகிறது. ஆபீசர் பேனாவைத் திறக்கிறார், நிமிராமலே, “சாவ்தான்!” என்று அதட்டுகிறார். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் ‘அட்டென்ஷன்’தான், இது ஐ.என்.ஏ.வின் இந்திக் கட்டளை. கட்டைக்கால் டக்கென்று மற்றக் காலோடு சேர்கிறது. இத்தனை வருஷம் நிமிராத முதுகு நிமிர்கிறது. ஆபீசர் பேனாவை மூடுகிறார். “கூட்டிக்கிட்டுப் போம்மா.” தனக்கோடி கையைப் பிடித்து இழுக்கிறாள். “வாய்யா…” அவன் அசையவில்லை. அடுத்த கட்டளைக்காக விறைத்து நிற்கிறான்.