படிப்பு மட்டும்

"ஃபீஸ்ல நீச்சல் குளத்தைக் கழிச்சுடுங்க மேடம். இவளுக்குத் தலைக்குக் குளிச்சாலே தும்மல் வரும்."

காலேஜ் அட்மிஷன் அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தாள். "சார், இது மளிகைக் கடை இல்லை. எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்."

"இருக்கட்டும். குதிரையேற்றம்னு ஒண்ணு போட்டிருக்கே, அது எதுக்கு? இவ படிக்கப்போறது கணக்கு. குதிரை மேல உட்கார்ந்தா போடப்போறா?"

கேட்டுப் பார்க்க என்ன காசா பணமா என்ற தைரியம்தான் அவருக்கு.

"அப்பா, மானத்தை வாங்காதீங்க" என்று மகள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் வாங்கிய மார்க்குக்கு சீட் தானாகத் தேடி வந்துவிட்டது. பணம்தான் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

"ஏசியும் வேணாம் மேடம். ஜன்னலோரமா உட்கார்ந்துப்பா."

"ஜன்னல் பூரா கண்ணாடி சார். திறக்காது."

வெளியே மணி அடித்தது. அவர் சட்டென்று எழுந்தார். மகளைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"சேர்மனைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். தோளைத் தட்டிக் கொடுத்து அனுப்பிட்டார்."

"அப்போ நான் என்ன சார் பண்ண முடியும்? சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா சீட் அடுத்த பொண்ணுக்குப் போயிடும். சொல்லவே எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

விற்பதற்கு வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. தெரிந்தவர்களில் ஒருத்தரையும் கடன் கேட்காமல் அவர் விட்டு வைக்கவில்லை. பாவம், இனி எங்கே போவார்?

"சரி மேடம், பஸ் வேணாம், ஜிம் வேணாம். வாசல்ல கலர் கலரா தண்ணி பீய்ச்சி அடிக்குதே, அந்தக் கண்றாவியும் வேணாம். என் பொண்ணுக்குப் படிப்பு மட்டும் கொடுங்க. பாடம் சொல்லித் தர்றதுக்கு மட்டும் எவ்வளவு?"

இப்படி ஒரு கேள்வியை அந்தப் பெண்ணிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போய், அடியில் இருந்த ஒரு வரியில் நிறுத்தி, அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வீட்டில் ஒரு மாதப் பால் செலவுக்குக்கூடக் காணாத தொகை.

"அப்பா, இவ்வளவுதான்னா நம்மளாலேயே கட்ட முடியும்ப்பா!" மகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அவருக்குத்தான் பொறுக்கவில்லை. "அநியாயமா இருக்கே மேடம்! குதிரைக்கு அவ்வளவு, குளத்துக்கு அவ்வளவு. சொல்லித் தர்றதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கம்மி?"

அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அதுலதானே உங்களுக்கு இங்க சம்பளம் தர்றாங்க, புரொபசர் சார்."