விழுந்த மரத்தின் முகவரி

எல்லைச் சாவடியின் கண்ணாடித் தடுப்புக்குள் யோர்லேனி முத்திரைக் கட்டையைப் பிடித்தபடி இருக்கிறாள். எதிரே நிற்கும் ரைனரின் கடவுச்சீட்டு புத்தம் புதியது. ஒரு முத்திரைகூட இல்லை. திரும்பிப் போகும் பஸ் டிக்கெட்டைக் கேட்காமலேயே நீட்டுகிறான். "கோஸ்டா ரிக்காவுக்கு முதல் தடவை மேடம். எரிமலை, ஆமை, கடற்கரை." "எல்லாரும் ஆமை பாக்கத்தான் வர்றீங்க. ஆமைங்கதான் பாவம்." அவன் தேவைக்கு மேல் சிரிக்கிறான். உள்ளே குடியிருந்துகொண்டு, தொண்ணூறு நாளுக்கொரு முறை எல்லை தாண்டித் திரும்பி, பயணி வேடத்திலேயே காலம் தள்ளுபவர்களை அவள் திருப்பி அனுப்பியாக வேண்டும். மின்விசிறிக் காற்றில் அவன் நிரப்பிய படிவம் துடிக்கிறது. தங்குமிடம்: சான் எலாடியோ, பெரிய மாமரத்திலிருந்து இருநூறு மீட்டர் தெற்கே, பச்சை வீடு. தெருவும் எண்ணும் இல்லாமல் இந்நாட்டவர் எழுதும் முகவரிதான். அது அவள் ஊர். ஒரு பெருமழையில் அந்த மரம் விழுந்து ஐந்து வருடமாகிறது. ஊர் இன்னும் அதை வைத்தே வழி சொல்கிறது. விடுதிக்காரர் யாராவது எழுதிக் கொடுத்திருக்கலாம். அவள் கட்டையை மையில் அழுத்துகிறாள். "அந்த மரத்துல இப்ப பழம் கொட்டிக் கிடக்கும், சாப்பிட்டுப் பாருங்க." அவன் முகம் தன்னையறியாமல் வாடுகிறது. "எங்க மேடம், அதுதான் அந்த மழையில..." என்று தொடங்கி நிறுத்துகிறான். முத்திரை காகிதத்துக்கு ஒரு விரல் மேலே நிற்கிறது.