தோர்ல்பி கோபுரத்தின் உயரம்

தோர்ல்பி ஊர்க் கோயிலின் மணிக்கோபுர உச்சியில் மண்டியிட்டுக் கயிற்றை இறக்குகிறேன். தோர்ல்பியில் இருப்பதைப் போலவே, ஆனால் மூன்று முழம் கூடுதலாகக் கட்டித் தா என்று எங்கள் ஊரார் கொத்தனான என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த உயரத்தை அளக்கத்தான் வந்தேன்; கயிறு தரையைத் தொட்டதும் உச்சியில் ஒரு முடிச்சுப் போட்டால் அதுதான் அளவு. சாய்ந்த வெயில் தேன் நிறக் கல்லில் பட்டு வழிவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. ஒரு கல்லாவது கோணியிருக்காதா என்று விளிம்பெல்லாம் தடவிப் பார்க்கிறேன். இல்லை. இதைக் கட்டிய கொத்தன் ஜெர்வேஸ் கீழே கயிற்று நுனியை மிதித்துக்கொண்டு நிற்கிறான். "என்ன பெருசு, கயிறு பத்தலையா? இடுப்புல கட்டியிருக்கிறத அவுத்து முடிஞ்சுக்க." "எங்க கோபுரம் எழும்பட்டும்டா. உங்க மணிச் சத்தம் அதோட முழங்காலுக்குத்தான் எட்டும்." "கட்டு, கட்டு. நல்லா அளந்துக்க," என்று சிரிக்கிறான். அளக்க விட்டுவிட்டுச் சிரிக்கிறவனை நான் நம்புவதில்லை. குனிந்து சுவரின் வெளிப்பக்கத்தைப் பார்க்கிறேன். சாரக் கழி செருகிய துளைகளை வேலை முடிந்ததும் கல் வைத்து அடைத்துவிடுவோம். கீழே எல்லாவற்றையும் அடைத்திருக்கிறான். உச்சி வரிசைத் துளைகள் மட்டும் திறந்தே கிடக்கின்றன. ஒன்றில் காக்கை சுள்ளி வைத்திருக்கிறது. நாங்கள் கட்டி முடித்ததும் இவன் மறுபடி சாரம் போட்டு ஏறி இதை இன்னும் உயர்த்தப் போகிறான். "முடிச்சுப் போட்டாச்சா பெருசு?" கைச்சுருளிலிருந்து இன்னும் ஆறு முழம் உருவி, அந்த இடத்தில் முடிச்சைப் போட்டு இறுக்குகிறேன். "போட்டாச்சுடா," என்கிறேன்.