ஸ்டார்ட்டிங் டிரபிள்

"ஸ்டார்ட்டிங் டிரபிளாம்மா?" என்று கேட்டபடியே மெக்கானிக் பானெட்டைத் தூக்கினான்.

வாசலில் நின்ற அம்மாளின் முகம் சட்டென்று இறுகியது.

"அந்த வார்த்தை வேண்டாம் தம்பி. வண்டி கிளம்பலைன்னு சொல்லுங்க, போதும்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா? நோயோட பேரை மாத்தினா குணமாயிடுமா?"

"நல்ல வைத்தியர் நாடியைப் பார்ப்பார், நாக்கை ஆட்ட மாட்டார்."

மெக்கானிக் பானெட்டுக்குள் குனிந்தான். வண்டியைவிட வீட்டுக்காரம்மாவுக்குத்தான் சூடு அதிகம் என்று நினைத்துக்கொண்டான்.

பழைய வண்டி. ஓடும்போதே இன்ஜின் அணைந்துபோகிறது என்று, முந்தைய நாள், இன்ஜின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரைக் கழற்றிப் புதியதை மாட்டியவர் அம்மாளின் கணவரே. மாட்டியதிலிருந்து ஸ்டார்ட்டர் சுழல்கிறது. இன்ஜின் மட்டும் உயிர் பெறவில்லை.

"அவசரம்னா ஒரு டாக்சியில போகக் கூடாதாம்மா?"

"இந்த வண்டியிலதான் போகணும். இவரோட பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், மகனோட இருக்கப்போறேன்னு இன்னிக்குச் சாயங்காலம் நாட்டை விட்டே கிளம்புறார். இனி திரும்பி வர்ற உத்தேசம் இல்லை. வண்டி வாங்கின அன்னிக்கு முதல்ல ஏறி உட்கார்ந்தவர் அவர்தான். போறதுக்கு முன்னாடி இதுல ஒரு சுத்து சுத்தணும்னு ஆசைப்படறார்."

கணவரான பெரியவர் வந்து ஸ்டியரிங் முன் அமர்ந்தார். மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டவாறே குரல் கொடுத்தான்.

"சார், சாவியைத் திருப்புங்க. ஆர்.பி.எம். முள் அசையுதா?"

ஸ்டார்ட்டர் சுழலும் சத்தம் மட்டும் கேட்டது.

"முள்ளு சார்! அசையுதா?"

"அ... அ... அ..."

"அசையுதா, அசையலையா?"

"அ... அசையலை."

மெக்கானிக் மெல்ல நிமிர்ந்தான். அம்மாள் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பள்ளிக்கூடத்துல இவருக்கு அதுதான் பேரு. எங்க கல்யாணத்துல அந்தச் சிநேகிதர் மேடையேறி, 'டேய் ஸ்டார்ட்டிங் டிரபிள்'னு கூப்பிட்டார். கூட்டமே சிரிச்சுது. இவரும் சிரிச்சார். எனக்குத்தான் நெஞ்சு எரிஞ்சுது. அன்னிக்கே அவரைத் தனியாக் கூப்பிட்டுக் கண்டிச்சுட்டேன். அதுக்கப்புறம் என் காது கேட்க ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை."

"தெரியாம சொல்லிட்டேம்மா."

"தெரியாம சொன்னா கோபம் இல்லை, தம்பி. தெரிஞ்சப்புறம் சொன்னாத்தான்."

கோளாறு சென்சாரில்தான் என்பதற்கு முள் அசையாததே போதிய குறிப்பு. சென்சாரைக் கழற்றி, அது உட்காரும் துளைக்குள் டார்ச் அடித்தான். பழைய சென்சாரின் ரப்பர் வளையம் உள்ளேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதன்மேல் ஏறி நின்ற புதியது, இன்ஜினோடு சுழலும் பல்சக்கரத்தை எட்டாமல் கண் கெட்டதுபோல் இருந்தது. வளையத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, சென்சாரை அழுத்தி மாட்டினான்.

சாவி திரும்பியது. இன்ஜின் உறுமி எழுந்தது. பெரியவர் ஸ்டியரிங்கைக் குழந்தையின் முதுகுபோல் தட்டிக்கொடுத்தார்.

அம்மாள் அதற்குள் உடை மாற்றிக்கொண்டு வந்து முன்கதவைத் திறந்தார்.

"நீ இ... இரு. புது சென்சார். முதல் ஓட்டத்துல பா... பாரம் கூடாதாம். தம்பி சொன்னார்."

தம்பி திகைத்துப்போனான். அவன் அப்படி எதுவுமே சொல்லவில்லை.

"நான் பாரமா? அங்க போய் அவரை ஏத்திக்கப்போறீங்களே, அவர் என்ன பஞ்சு மூட்டையா?"

"அவன் இ... இளைச்சுட்டான்."

அம்மாள் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் பெரியவரைப் பார்த்தான். அந்தக் கண்கள் கெஞ்சின. வேறு வழியின்றித் தலையை ஆட்டிவைத்தான்.

"சரி, பத்திரமாப் போயிட்டு வாங்க. நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்று, வாடிய முகத்தை மறைத்துக்கொண்டு அம்மாள் உள்ளே போனார்.

மெக்கானிக் ஜன்னலருகே குனிந்தான். அடக்கிய கோபம் குரலில் தெரிந்தது.

"உங்க மேல ஒரு சொல் பட்டுடக் கூடாதுன்னு ஊரோட மல்லுக்கட்டுறாங்க சார் அவங்க. ஆசையாக் கிளம்பி வந்தவங்களை இப்படிக் கழட்டி விடறீங்களே, நியாயமா?"

பெரியவர் வீட்டுக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அவ பக்கத்துல இருந்தா, அவன் என்னை வா... வாங்க, போங்கன்னுதான் பேசுவான். அந்தப் பட்டப்பேர் கேலி இல்லை, தம்பி. அன்பா வச்ச தி... திருநாமம். பள்ளிக்கூடத்துல எங்க பெஞ்சு முழுக்க அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஆனா நான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா, மு... முடிக்கிற வரைக்கும் ஒருத்தனும் குறுக்கே பேச மாட்டான். அந்தப் பெஞ்சுல இப்போ இவன் ஒருத்தன்தான் மிச்சம். போறதுக்கு முன்னாடி வாய் நிறைய ஒரு தடவை கூப்பிடட்டுமே!"

மெக்கானிக்கின் குரல் இறங்கியது.

"இதை அம்மாகிட்டயே சொல்லியிருக்கலாமே, சார்?"

பெரியவர் கியரைப் போட்டார்.

"இத்தனை வருஷமா எனக்காகத் தூங்காமக் காவல் நின்னவ. அவகிட்டப் போய், திருடனே வரலைன்னு எப்படித் தம்பி சொல்றது?"