கவுன்சிலரம்மாவுக்குப் பாராட்டு விழா

மேடையில் ஏழு நாற்காலி, உட்காரப் போகிறவர்களோ பதினொரு பேர். ஆறடி மாலையை யார் முதலில் பிடிப்பது என்று தமிழ்ச் சங்கத் தலைவருக்கும் செயலாளருக்கும் காலையிலேயே முட்டிக்கொண்டுவிட்டது. பின்னால் தொங்கிய பேனரில் 'வெற்றி வீராங்கனையே வருக' என்று இருந்தது. அதில் வீராங்கனையின் படத்தைவிடத் தலைவரின் படம் ஒரு சுற்று பெரிது.

கவுன்சிலரம்மா புதுப் புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெயர்தான் கவுன்சிலரம்மா, இதுவரை ஒரு தேர்தலில்கூட ஜெயித்ததில்லை. முதல் முறை நின்றபோது சங்கத்தார் ஆசையாகக் கூப்பிட ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் இந்த நாட்டுக்கு வந்தவள். இதே நகராட்சி அலுவலகத்தில் தரை துடைத்தாள், சாயங்கால வகுப்பில் பாஷை படித்தாள், குடியுரிமை வாங்கினாள். குடியிருப்புக் குழுவில் பழுதான லிஃப்டுக்காக மூன்று மாதம் சண்டை போட்டதில் கட்சிக்காரர்கள் கண்ணில் பட்டாள்.

முதல் தேர்தலில் இரண்டாயிரம் ஓட்டில் தோல்வி, அடுத்ததில் அறுநூறு. "இதுதான் கடைசி. இதிலயும் தோத்தா சீட்டு வேற ஆளுக்கு" என்று கட்சி ஆபீசில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். நேற்று வாக்குப்பதிவு, இப்போது எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. ஜெயித்த பிறகு ஹால் கிடைக்காது என்று தலைவர் முந்திக்கொண்டு விழாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

பக்கத்தில் மகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். நேற்று பூத்துக்குள் கட்சி ஏஜென்ட்டாக உட்கார்ந்து, ஓட்டுப் போட வந்தவர்களின் பெயரையெல்லாம் பட்டியலில் டிக் அடித்த களைப்பு அவளுக்கு.

தலைவர் மைக்கைத் தட்டி வரவேற்புரையை ஒத்திகை பார்த்தார். "நேற்று கொட்டும் மழையிலே, வாக்குச்சாவடி கேட்டுக்கு வெளியே, கூப்பிய கையை இறக்காமல், காலை ஏழு மணி முதல் கதவைச் சாத்தும் வரை, நின்ற இடத்தை விட்டு நகராத தியாகச் செம்மல் அவர்களே..."

கவுன்சிலரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் கட்சி ஆபீசிலிருந்து போன் வந்தது. எழுந்து நின்று பேச ஆரம்பித்தவள், பேசி முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு ஓட்டுல போச்சு" என்றாள். "ரெண்டு தடவை எண்ணிட்டாங்களாம்."

செயலாளர் மாலையை மெதுவாக மடித்து நாற்காலிக்கு அடியில் தள்ளினார். வாசலில் பூங்கொத்தோடு வந்த ஒருவர் அப்படியே திரும்பி நடந்தார்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் போட்டீங்கதானே?" என்றாள் கவுன்சிலரம்மா. எல்லாரும் பேனரைப் பார்த்தார்கள். "தலைவரே, நீங்க?"

"அது வந்தும்மா... வரவேற்புரை ஆறு பக்கம். எழுதி, மனப்பாடம் பண்ணி, நிமிர்ந்து பார்த்தா பூத்து மூடியாச்சு."

"செயலாளர் அண்ணே?"

"பேனர் அடிக்கிற கடையே கதின்னு கிடந்தேன். முதல்ல அடிச்சதுல தன் படம் சின்னதாப் போச்சுன்னு தலைவர் திருப்பி அனுப்பிட்டாரே!"

பொருளாளர் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார். "நான் நாற்காலி இறக்கிட்டிருந்தேன்க்கா. நீங்கதான் எப்படியும் ஜெயிச்சிடுவீங்களே, என் ஒரு ஓட்டுலயா குறைஞ்சிடப் போகுதுன்னு..."

கவுன்சிலரம்மாவின் கணவர் நைசாகத் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்.

"என்னங்க, நீங்களுமா?"

"நடக்க முடியாதவங்களையெல்லாம் கார்ல கூட்டிட்டு வந்து விட்டேன்ல? பதினாலு நடை. ஒவ்வொரு தடவையும் அடுத்த நடையில போட்டுக்கலாம்னு நினைச்சேன்மா."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. பத்தொன்பது வருஷ உழைப்பு மாலையோடு சேர்ந்து நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

"இந்த ஊர்க்காரங்க என்னை வந்தேறின்னு திட்டினாங்க. ஆனா மழையில வந்து, ஓட்டுப் போட்டுட்டுத் திட்டினாங்க! நீங்க மாலை வாங்கினீங்க, மைக் பிடிச்சீங்க, ஓட்டை மட்டும் மறந்துட்டீங்க. ஓட்டுப் போடறது கடமைன்னு மூணு தேர்தலா தொண்டை கிழியக் கத்தினேனே, ஒருத்தர் காதுலயாவது ஏறிச்சா?"

நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பொருளாளர் மட்டும் விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணினார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நாங்க நாலு பேரும் போட்டிருந்தாலும் சமம்தானே ஆகியிருக்கும்? ஜெயிக்க இன்னும் ஒரு ஓட்டு வேணுமே. பழியை எங்க தலையில மட்டும் போட்டா எப்படி?"

தலைவர் சட்டென்று நிமிர்ந்தார். "அதானே! அந்த அஞ்சாவது ஆளைப் பிடிங்க. சங்கத்தை விட்டே தூக்கிடுவோம்."

"அப்போ இன்னொரு துரோகியும் நம்ம கூடவே இருக்காங்க!" கவுன்சிலரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். "அந்தப் பட்டியலை எடுடி. யாரா இருந்தாலும் பரவால்ல, மைக்ல பேரைச் சொல்லு. நாலு பேருக்குத் தெரியட்டும்."

மகள் பையிலிருந்து பட்டியலை எடுத்தாள். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. தலைவர் ஆவலாக மைக்கை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அம்மா... உன் பேருக்கு நேரா டிக் இல்லையேம்மா!"