முகத்தை மறைத்த கண்ணாடி

பனி படிந்த இரண்டு தெருக்கள் சேரும் முனையில் ஒரு மதுக்கடை, கனவில் வரும் கப்பலைப்போல விளக்கேற்றிக்கொண்டு நிற்கும். துரைமாருக்குப் பெரிய தெருவில் ஒரு கதவு, கூலிக்காரர்களுக்குச் சந்தில் ஒரு கதவு. உள்ளே இரண்டு பக்கத்துக்கும் நடுவில், கோப்பை வைக்க ஒரே மரமேடை. துரைமார் பக்கம் மட்டும் அந்த மேடைக்கு மேல், முகம் மறைகிற உயரத்தில், பூ வேலை செய்த மங்கலான சின்னக் கண்ணாடிக் கதவுகள். அவற்றுக்குக் கீழே கோப்பை வாங்க ஒரு சாண் இடைவெளி.

"எதிரில் நிற்பது என் துரையின் சொந்தத் தம்பி, கரி மூட்டை தூக்குகிறவன்," என்று ஒரு கண்ணாடி பெருமையடிக்கும். "இத்தனை வருஷமா துரையை அவனுக்கே தெரியாம மறைச்சிருக்கேன்!"

"எனக்கும் உன் துரையின் முகம் தெரியாது," என்னும் மரமேடை தூக்கக் கலக்கத்தில். "அந்தக் கோணல் சுண்டுவிரல்தான் தெரியும்."

ஒரு மாலை, தம்பி பீர் ஊற்றும் பெண்ணிடம் சொன்னான்: "நாளைக்குக் கப்பல் ஏறுறேன், வினி. இனிமே வரமாட்டேன்."

துரையின் கோப்பை பாதியில் நின்றது. கண்ணாடியை அவர் மெல்லத் தள்ளினார்.

"வேண்டாம் துரை!" என்று அது கிறீச்சிட்டது. ஆனாலும் திறந்துகொண்டது.

புகைக்கு அப்பால் தம்பி ஆச்சரியப்படவே இல்லை.

"தலை நரைச்சுப்போச்சே அண்ணே," என்றான். "இத்தனை நாளும் கையை மட்டும்தானே பாத்துக்கிட்டிருந்தேன்."